நான் அங்கே வேலை செய்யவில்லை

ஆக்லாந்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்கள். இந்த நாட்டில் வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நான் வளர்ந்த திருப்பூரில் 'வேலை எங்கள் உரிமை' என்று சங்கத்துக்காரர்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதி வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் படித்திருக்கிறேன். அந்த உரிமை ஒருவருக்கு இருக்கும் இன்னொருவருக்கு இருக்காது, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரைதான் செல்லும் என்பதெல்லாம் அப்போது தோன்றியதே இல்லை.

அங்கே ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில்தான் நான் இருந்தேன். ரயிலில் வந்து இறங்கும் வடநாட்டுப் பையன்களிடம் ஆதார் ஜெராக்ஸும் ஒரு போட்டோவும் வாங்கிக்கொள்வோம். தையல் தெரியுமா என்று கேட்டுத் தலையாட்டினால் மத்தியானமே மெஷினில் உட்கார்த்திவிடுவோம். உள்ளூர்க்காரர் என்றால் அதுவும் வேண்டாம். தெரிந்தவர் யாராவது "நம்ம பையந்தானுங்க" என்றால் போதும். சிபாரிசு செய்கிறவர் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார், நாங்களும் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்போம். அதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைத்ததில்லை.

போன மாதம் என் கணவர் கார்த்தியின் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அவர் விசா அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது. புது விசா ஏற்பாடு ஆகாமல் வேறெங்கும் அவர் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்க முடியாது. என் விசாவில் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். ஆக, எங்கள் ஏவன்டேல் வீட்டில் சம்பாதிக்க அனுமதி உள்ள ஒரே ஆள் நான். எனக்கோ யாரும் வேலை தருவதாக இல்லை. போன இடமெல்லாம் கிவி எக்ஸ்பீரியன்ஸ், அதாவது இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம், உண்டா என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் வந்தால்தான் வேலையாம். வாரம் பிறந்தால் ரென்ட். ராத்திரி படுத்துக்கொண்டே மிச்சப் பணம் எத்தனை வாரத்துக்கு வரும் என்று கணக்குப் போடுவேன். கார்த்தி தூங்குவதுபோலப் படுத்திருப்பார்.

அப்போதுதான் சுகந்தி அக்கா நினைவு வந்தது. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரோல்ஸும் வடையும் போட்டு விற்கிறார். நான் வந்த புதிதில் என்னிடம் இருந்தது விசிட்டர் விசா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடை வாங்கப் போனேன். வரிசை நீண்டு கிடந்தது, எண்ணெய் காய்கிறது, அக்கா தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. மேசைக்குப் பின்னால் போய் வடையைச் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே ஆனது. சந்தை முடிந்ததும் அக்கா ஒரு பை நிறைய ரோல்ஸ் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்றால் கோபம் வரும். இந்த ஊரில் "ஏன் இன்று தாமதம்?" என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த ஞாயிறுகளை நான் வேலைக்கு அனுப்பும் சிவியில் ஏற்றினேன். மார்ச் முதல், சந்தை உணவுக் கடை, விற்பனை உதவி. என்னைப் பற்றி விசாரிக்க ரெஃபரன்ஸாக அக்காவின் நம்பரையும் போட்டேன். சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பயப்படாதையும் பிள்ளை. போன் எடுத்துக் கேட்டா, என்னட்டச் சம்பளத்துக்கு நிக்கிறா, நல்ல கெட்டிக்காரி எண்டு சொல்லுவன்."

"சம்பளமெல்லாம் எதுக்குங்கக்கா?"

"சம்பளம் எண்டாத்தான் மதிப்பினம். நீர் சும்மா இரும்."

சிவியில் ஏறிய அந்த ஒரு வரிதான் என்னை த்ரீ கிங்ஸ் பகுதியில் உள்ள வீட்டுச் சாமான் கடைவரை கொண்டுபோனது. மேனேஜர் ஐம்பது வயதுப் பெண்மணி, சிரித்த முகம். சிவியில் அந்த இடத்தில் விரலை வைத்து, "கூட்டத்தைச் சமாளித்திருக்கிறீர்கள், இதுதான் எங்களுக்கு வேண்டும்" என்றார். வாரம் நான்கு நாள் வரமுடியுமா என்று கேட்டார். ஏழு நாளும் வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, இன்னும் ஒரு சின்னச் சடங்கு பாக்கி என்று பாஸ்போர்ட்டை வாங்கி, என் விசாவைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்தார். எனக்கு அதில் துளிப் பயமும் இல்லை, விசாதான் சரியாக இருக்கிறதே.

அவர் திரையைப் பார்த்தார், சிவியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"வேலை செய்யும் அனுமதி உங்களுக்கு ஆகஸ்டில்தான் வந்திருக்கிறது. மார்ச்சிலிருந்து அந்தக் கடையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே?"

"சும்மா உதவி செய்தேன். பணம் வாங்கவில்லை."

"பணம் மட்டுமில்லை. சாப்பாடு, பொருள், எதையாவது பதிலுக்கு வாங்கியிருந்தாலும் வேலை என்று ஆகிவிடலாம். அப்படியானால் உங்களுக்கும் சிக்கல், கடைக்காரருக்கும் சிக்கல்." அவர் குரலில் கடுமையே இல்லை. "பதறாதீர்கள். அவரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வோம்."

ரிசீவரை எடுத்துவிட்டார். அக்காவின் நம்பரில் முதல் எண்களை அழுத்தியும்விட்டார்.

அக்கா போனை எடுத்த நிமிடமே, ஓம், மார்ச்சிலிருந்து சம்பளம் கொடுத்தனான் என்று ஆசை ஆசையாகச் சொல்லப் போகிறார். எனக்காகச் சொல்லப்போகும் அந்தப் பொய் அவர் கடையையே இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே பாதியைக் கழித்துக்கொண்டு கேட்க ஆளில்லை.

"கூப்பிடாதீர்கள்" என்றேன். "நான் அங்கே வேலை செய்யவில்லை. பொய்யாக எழுதினேன்."

"உதவி செய்ததாகச் சொன்னீர்களே?"

"அதுவும் பொய். அங்கே வடை வாங்குவேன், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு என்னைச் சரியாகக்கூடத் தெரியாது."

அவர் ரிசீவரை வைத்தார். அந்த முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். "உங்கள் விசாவில் ஒரு குறையும் இல்லை" என்றார். "ஆனால் எழுதிய விஷயம் உண்மையாக இருக்க வேண்டும், இல்லையா? மன்னியுங்கள்."

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் நின்று அழுதேன். கார்த்தி போன் செய்தார்.

"என்னாச்சு?"

"விசா சரியா இருக்குதாம்."

"அப்பறமென்ன, கெடச்ச மாதிரிதான!"

அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்ட பிறகு, பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தேன். வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன். கார்த்தி முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லதுதான் பண்ணுன" என்றார். அன்று இருவருமே சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். அக்கா கடையில் வழக்கம்போலக் கூட்டம். வரிசையில் சேராமல் மேசையின் ஓரத்தில் போய் நின்றேன்.

"எனக்குப் போன் எடுக்கவேயில்லையே அவையள்? நான் போனைப் பக்கத்திலயே வச்சுக்கொண்டு இருந்தனான். நல்ல நல்ல கதையா யோசிச்சு வச்சிருந்தன்" என்றார் அக்கா. ரோல்ஸைப் புரட்டிக்கொண்டே, "உள்ளுக்கு வாரும். ஏன் வெளியால நிக்கிறீர்?" என்றார்.

மேசைக்குப் பின்னால் போக இப்போது எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் அங்கே நின்றதே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். த்ரீ கிங்ஸ் ஒன்றும் தூரமில்லை, அந்த மேனேஜரும் வடை வாங்க வரலாம். அக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வது? உங்களுக்கு என்னைச் சரியாகக்கூடத் தெரியாது என்று சொன்னேன் அக்கா என்று எப்படிச் சொல்வது?

பின்னால் ஒரு பெரியவர் கைப்பையோடு வந்து நின்றார். நான் நின்ற இடம் அவரைக் குழப்பியிருக்க வேண்டும். "மன்னிக்கவும், நீங்கள் கடைக்காரரா, வரிசையில் நிற்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வரிசை என்று சொல்லிவிட்டு, அதன் கடைசியில் போய் நின்றேன்.