எலும்புக்கு ஒரு நிபுணர்

“ஏனுங்க, டி.என்.ஏ. பார்க்கிறவங்க யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுங்களா?”

சென்ற வருஷம் என் வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டவர் தங்கமணி. கீரனூரில் தக்காளி, வெங்காயம் போடுகிறவர். என்னோடு வேலை பார்த்த நண்பரின் அக்கா. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லோரையும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

அவர் மகள் கவிதா, கல்யாணமான மறு வருஷமே காணாமல் போனாள். “யார்கூடவோ ஓடிட்டா” என்றான் கணவன். சில மாதங்கள் கழித்து, அவன் ஊர்ப் பாழுங்கிணற்றில் எலும்புகள் கிடைத்தன. ஒரு துண்டையும் தங்கமணியின் ரத்தத்தையும் போலீஸார் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் என்ன சொன்னது? ‘மாதிரி சிதைந்துள்ளதால் ஒப்பிட இயலவில்லை.’

கவிதா என்றும் இல்லை, கவிதா இல்லை என்றும் இல்லை. இதை வைத்துக் கணவன் மேல் கேஸ் நிற்காது. தனியாக ஒரு நிபுணரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வக்கீல்.

எங்கே போய்த் தேடுவது? போன் மேல் போன் போட்டேன். “குழந்தைக்கு அப்பா யாருன்னு பார்க்கிற டெஸ்ட்தான் சார் பண்ணுவோம்” என்றது ஒரு லேப். “கோர்ட், கேஸ்னா வேண்டாமே” என்றார் ஒருவர். கடைசியில் சென்னையில் ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் சம்மதித்தார். இந்த வேலையிலேயே தலை நரைத்தவர்.

ரயிலேறி வந்து, நாகல் நகரில் வக்கீலின் மாடி அறையில் அமர்ந்து, ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தார்.

“விலா எலும்பை எடுத்திருக்காங்க. தண்ணியில கிடந்தது சீக்கிரம் கெட்டுரும். பல்லு, தொடை எலும்பு இருந்தா இப்பவும் பார்க்கலாம். ஆனா ஒண்ணும்மா... நான் உங்க பக்கம் பேச வரல. எலும்பு என்ன சொல்லுதோ, அதைத்தான் சொல்வேன்.”

“அது போதுமுங்க” என்றார் தங்கமணி. அன்றுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன்.

மறுபரிசோதனைக்குக் கோர்ட் அனுமதியும் கொடுத்தது. அப்புறம்தான் தெரிந்தது — லேபுக்குப் போன துண்டு பரிசோதனையிலேயே தீர்ந்துவிட்டது. மீதி எலும்புகளை ‘உரிமை கோராதவை’ என்று எழுதிப் புதைத்துவிட்டார்கள். உரிமை கோரித்தானே ஐயா, ஒரு தாய் ரத்தம் கொடுத்தாள்?

சுடுகாட்டுக்குப் போனோம். அங்கே வேலை பார்ப்பவர் கையை விரித்தார். “காம்பவுண்டு கட்டுறோம்னு ஜேசிபியை விட்டு அம்புட்டையும் கிளறிட்டாங்க சார். எது யாருன்னு நான் எப்படிச் சொல்ல?”

கலைந்து கிடந்த செம்மண்ணையே நிபுணர் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கமணி அவர் கையைப் பிடித்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா... நான் புள்ளைக்குக் காரியம் பண்றதுங்களா? இன்னும் தேடறதுங்களா?”

“தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி நான் பொய் சொல்லக் கூடாது.”

எலும்புகளோடு கிடந்த கிழிந்த சேலையைக் கல்யாணச் சேலை என்று காட்டி, ‘இது உன் மகள்தான்’ என்று அடித்துச் சொன்னவர்கள் உண்டு. பெங்களூரில் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. ‘தெரியாது’ என்று ஒப்புக்கொண்டவர் இந்த ஒருவர்தான். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு தங்கமணி என்ன செய்வார்?

ரொம்பப் பிரயாசைப்பட்டு நல்ல நிபுணரைக் கண்டுபிடித்துவிட்டோம்... எலும்பைத்தான் தொலைத்துவிட்டோம்.