பின்சீட்டிலிருந்து பார்த்த மலை

அவர் முதுகில் நான் மூன்று முறை தட்டினால்தான் மோட்டார் சைக்கிள் நகரும். கல்யாணமான புதிதில் என் கணவர் போட்ட சட்டம் அது. மாமனார் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மணியடிக்கிற வேலையில் இருந்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு கிளம்புவதற்கு முன் அவர் மூன்று மணி அடிப்பார். உள்ளே இருப்பது கல்லோ மண்ணோ இல்லை, ஆட்கள் என்று மேலே எஞ்சினை இயக்குகிறவருக்கு அதுதான் செய்தி. ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். சுரங்கத்தை மூடியபின் ஊரில் எத்தனையோ வழக்கங்கள் போய்விட்டன. எங்கள் வண்டியில் மட்டும் இந்தக் கணக்கு தங்கிவிட்டது. "ஆளு ஏறிச்சா?" என்று கேட்பார். வாயால் ஏறிவிட்டேன் என்றால் செல்லாது, தட்ட வேண்டும். நல்ல குடும்பத்தில் வந்து மாட்டினேன் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷம் பிறப்பதற்குள் ஜவ்வாது மலைக்கு ஒரு நாள் போய் வருவது எங்கள் வழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வருஷம் முழுக்க ஆளுக்கொரு ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். அந்த ஒரு நாள்தான் சேர்ந்தாற்போல் எங்களுக்கென்று கிடைக்கும். பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கி, வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயத்துக்குப் பிறகு மறுபடி ஏற வேண்டும். வழி நெடுக அவர் வாய் ஓயாது. காற்றில் பாதி எனக்குக் கேட்காது, "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவேன். என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டதே இல்லை. சாயங்காலம் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. சாயங்காலம் இருவரும் களைத்துப்போயிருப்போம்.

ஒரு வருஷம் மலையடிவாரத்து டீக்கடையில் ஒரு கூத்து நடந்தது. டீ குடித்துவிட்டு நான் கடைக்குப் பின்னால் இருந்த டிரம்மில் தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைக் கிளப்பி வைத்துக் காத்திருந்தார். கடைக்காரர் பிரியமான மனிதர். பார்த்துப் போங்கள் என்று சொல்லி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். நம் கெட்ட நேரம், சரியாக மூன்று தட்டு. வண்டி போய்விட்டது. நான் ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தபோது முதல் வளைவில் புகைதான் தெரிந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கணவன் மனைவிக்குள் சண்டை என்று நினைத்து, என்னை உட்காரச் சொல்லி இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவர் பல வளைவுகள் ஏறிப் போயிருக்கிறார், பேசிக்கொண்டே. ஏதோ கேட்டதற்கு "ம்" வராமல் போகவே திரும்பிப் பார்த்திருக்கிறார். எந்த வளைவில் விழுந்தேனோ என்று ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கி வந்தார். டீக்கடை பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் கேலி செய்ய வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"உன் கை மாதிரி இல்லன்னு தெரிஞ்சிதும்மா. ஆனா மூணு விழுந்துச்சே," என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது நான்தான்.

அவர் இறந்துபோய் ஒரு வருஷ ஜெபம் முடிந்த அன்று, பங்காருப்பேட்டையில் இருக்கும் கொழுந்தனார் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்று எல்லாம் செய்தவர்.

"சும்மா நின்னுக்கினு இருந்தா துருப் பிடிச்சிடும் அண்ணி. நான் எடுத்துக்கினு போறேன். நீங்களா ஓட்டப் போறீங்க?" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஸ்டேஷன் வரைக்கும் ஸ்கூட்டர் ஓட்டுகிற எனக்கு அந்தப் பெரிய வண்டி எதற்கு? ஆனால் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஓட்டத்தான் போகிறேன், அதே மலைக்குப் போய்விட்டு வருகிறேன், முடியாவிட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ.

நந்திதுர்க் பக்கம், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே உள்ள வெற்றுத் திடலில் ஞாயிறுதோறும் பழகினேன். இரண்டு முறை வண்டி என்மேலேயே சாய்ந்தது. அந்தச் சாம்பல் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, அக்கம்பக்கம் யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். அது நிம்மதியாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து கிளம்பினேன். பேரணாம்பட்டு இறக்கத்தில் ஒரு லாரி ஒலி எழுப்பியபோது ஓரங்கட்டி அதற்கு வழிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். ஆலங்காயம் தாண்டி அந்த டீக்கடையில் நிறுத்தினேன். பழைய கடைக்காரர் இல்லை, வேறொரு பெண் இருந்தாள். டீ குடித்தேன், கை கழுவினேன், ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். கிளப்பியும் நகரவில்லை. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. நான்தான் காத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தட்டுகிறவள் நான், முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன், பின்னால் யாரும் இல்லை. கடைக்காரப் பெண் என்ன அக்கா, வண்டி இழுக்கவில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஏறும்போது இன்னொன்று நடந்தது. எனக்கு அந்தப் பாதை அடையாளமே தெரியவில்லை. இத்தனை வருஷம் வந்த மலை. ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஞாபகம் வரும், அவரோடு போவது போல் இருக்கும் என்றுதான் உள்ளூர நம்பியிருந்தேன். பின்சீட்டில் இருந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகும், பக்கவாட்டில் ஓடிய மரங்களும்தான். எதிரே வருகிற பாதையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. திடீரென்று மடங்கும் திருப்பம், அதற்கப்பால் என்ன வருகிறது என்று தெரியாத பயம், இதெல்லாம் அவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அதனால்தான் அப்படி ஓயாமல் பேசினாரோ என்று தோன்றியது. மேலே சாமைக் கொல்லைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல குளிர். கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்தேன், பாதிதான் இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இல்லை. பார்க்க வந்தது அவரை, கிடைத்தது வெறும் மலை. இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கொழுந்தனார் வந்தார். டயரில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் குனிந்து பார்த்தார். ஒற்றை ஆளாகவா என்று கேட்டார், ஆமாம் என்றேன். நிமிர்ந்தார்.

"அண்ணனே ஒத்துக்கினு இருப்பாரு அண்ணி. வண்டி உங்களுதுதான்," என்றார்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். கேட்டைச் சாத்தினேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேராக வீட்டுக்குள் போய், "இன்னாங்க, உங்க தம்பி ஒத்துக்கினாரு," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு "ம்" வருமென்று நின்றேன். பிறகுதான் அழுதேன். அவரைக் கொண்டுபோன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.