குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர்

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மூன்றாம் முறையாக அதே தொந்தரவோடு என்னிடம் வந்தார். சிறுநீர் போனால் எரிச்சல், அடிவயிற்றில் வலி.

"தண்ணி நெறையக் குடிங்கன்னு சொன்னனே அக்கா, குடிக்கிறீங்களா இல்லையா?"

"குடிக்கிறனுங்க நர்சம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

டாக்டரிடம் போகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாடமும் நடத்தினேன். தண்ணீர் பலவற்றையும் கரைத்துக்கொள்ளும், உடம்பில் சேரும் கழிவை அதுதான் கரைத்து வெளியே கொண்டுபோகும், குடிக்காவிட்டால் உள்ளே கிருமி பெருகும் என்றெல்லாம் சொன்னேன். படித்ததைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

பங்குனி மாதம் ஒரு நாள் மதியம், தோட்டத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, களை வெட்டிக்கொண்டிருந்த பெண் மயங்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அவர் பின்னால் ஏறிப் போனேன். சில்வர் ஓக் மரத்தடியில் படுக்க வைத்திருந்தார்கள். அதே பெண். நினைவு திரும்பியிருந்தது. உதடு வெடித்து, நாக்கு உலர்ந்திருந்தது. வியர்வை காய்ந்து ரவிக்கையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வெயிலில் உடம்பைக் குளிர்விக்க இருந்த நீரெல்லாம் வியர்வையாகப் போய்விட்டது, உள்ளே எதுவும் போகவில்லை.

உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து வாய் வாயாகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நாடி தெளிந்தது. அப்போதுதான் பக்கத்தில் கிடந்த அவருடைய பையைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது.

"தண்ணிய வெச்சுக்கிட்டே இப்படிக் கெடக்கறீங்களே!" என்று கோபமாகக் கேட்டுவிட்டேன்.

பதில் சொன்னது அவரோடு களை வெட்டிய இன்னொரு பெண். "குடிச்சுட்டு எங்கீங்க போறது? இங்க கக்கூசு இருக்குதுங்களா? போன வருசம் ஓடைப் பக்கம் ஒதுங்கப் போனப்ப மேல ஒருத்தன் நின்னு பாத்துட்டிருந்தானுங்க. அன்னைலேருந்து இந்தக்கா ஊட்டுக்குப் போற வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்கறதில்லீங்க."

படுத்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று முறை என் முன்னால் உட்கார்ந்திருந்தாரே, ஒரு முறையாவது ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், குளுக்கோஸ் ஏறி முடியும் வரை கூடவே இருந்தேன்.

அடுத்த வாரம் அவர் உட்பட ஆறு பெண்களோடு ரைட்டரைப் பார்க்கப் போனேன். ஆள்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும், "இத்தன வருசமா யாரும் எங்கிட்டச் சொல்லலீங்களே" என்றார்.

"ஆம்பளைங்ககிட்ட இத எப்படீங்க சொல்றது?" என்றார் மயங்கி விழுந்தவர். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ரைட்டர் தலைகுனிந்தார். முதலாளியிடம் தானே பேசுவதாகச் சொன்னார், பேசவும் செய்தார்.

ஒரு மாதத்துக்குள், தாழ்ப்பாள் போட்ட இரண்டு தகரக் கழிப்பறைகள் வந்தன. ஓடையிலிருந்து குழாயும் இழுத்தார்கள். எரிச்சல் என்று அவர் அப்புறம் என்னிடம் வரவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது, "இப்ப ரெண்டு பாட்டில் கொண்டு போறனுங்க" என்று சிரித்தார்.

மேல்சரிவில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கழிப்பறை வெகு தூரம். அங்கே இன்னும் சிலர் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறார்கள். அதற்காக மறுபடியும் ரைட்டரிடம் போய்வந்திருக்கிறோம். இப்போதெல்லாம் இந்த உபாதையோடு யார் வந்தாலும், எங்கே வேலை, ஒதுங்க இடமிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.