கணக்கில் சேராத வாசிப்பு

என் வேலையைப் பற்றி அம்மா அயலில் இப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்: "மகள் கொம்பியூட்டர்ல, ஆக்கள் அனுப்பினதத் திறந்து பாக்கிறாங்களா எண்டு உளவு பாக்கிற." இதைக் கேட்டபிறகு எதிர்வீட்டு அன்ரி எனக்குச் செய்தி அனுப்புவதையே குறைத்துக்கொண்டார். எத்தனை தரம் விளக்கினாலும் அம்மா தன் பேச்சை மாற்றவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை.

நாவற்குடாவில் அக்காவின் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். தனியார் ஆய்வுகூடங்கள் சோதனை முடிந்ததும் ரிப்போட்டை நோயாளியின் போனுக்கு ஓர் இணைப்பாக அனுப்பிவிடும். அதை அவர் திறந்தாரா, திறந்தால் வாசித்தாரா என்று கண்டுபிடிப்பது என் பகுதி. வாசிக்காதவருக்கு 'உங்கள் ரிப்போட்டை நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை' என்று ஒரு நினைவூட்டல் தானாகப் போகும். கேட்பதற்கு இலகுவான வேலை. செய்து பார்த்தால்தான் தலையிடி தெரியும்.

கோப்பு திறக்கப்பட்டது என்று பதிவில் விழுந்தால் மனிதர்தான் திறந்தார் என்று சொல்ல முடியாது. ஒருவர் அந்த இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பினால், முன்னோட்டம் காட்டுவதற்காகச் செய்திச் செயலியே முந்திக்கொண்டு ஒருதரம் திறந்து பார்க்கும். அது இயந்திரம், அதைக் கழிக்க வேண்டும். இணைப்பு கிடைத்த அந்த மற்றவர் தன் போனில் திறப்பதை நாங்கள் பதிவதே இல்லை. சிலர் திறந்த கையோடு மூடிவிடுவார்கள், அதையும் கழிக்க வேண்டும். இன்னும் சிலர் திறந்தபடியே போனை வைத்துவிட்டு உலை பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு பக்க ரிப்போட்டை யார்தான் அவ்வளவு நேரம் வாசிப்பார்கள்? ஆகவே அளவுக்கு மிஞ்சி நீண்டுபோன திறப்பை வாசிப்பாக எடுக்க வேண்டாம் என்று ஒரு விதி எழுதினேன். கூட்டத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அப்போதுதான் அம்மாவின் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. சதைத் துண்டு எடுத்து, எங்கள் மென்பொருள் ஓடுகிற ஆய்வுகூடம் ஒன்றில் சோதனைக்குக் கொடுத்த அன்று, நான் மோட்டார் சைக்கிளை நிழலில் விட்டுவிட்டு வருவதற்குள் அம்மா தன் விவரமெல்லாம் தானே சொல்லி முடித்துவிட்டார். யாருடைய போன் இலக்கத்தைக் கொடுத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த வேலை செய்கிற எனக்கே தோன்றவில்லை!

முடிவு வந்ததும் டாக்குத்தர் அக்காவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். புற்றுநோய். கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும், தாமதிக்க வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாக்குச் சொல்லிராத. கேட்டாவெண்டா அந்த இடத்திலயே உடஞ்சு போயிருவா. சாதாரணக் கட்டி, வெட்டி எடுத்தாச் சரி எண்டு சொல்லுவம்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. நோய் வருத்தம் யாருக்கோ, அவரைத் தவிர வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நானும் தலையாட்டினேன். அம்மாவிடம் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு சொன்னோம். "ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்ச" என்றுவிட்டு அவர் கீரை ஆயப் போனார்.

அடுத்த நாள் காலையில், பல் தீட்டிக்கொண்டு நிற்கையில்தான் எனக்குத் தலையில் இடித்தது. அந்த ரிப்போட் நோயாளியின் போனுக்கும் போயிருக்குமே! வாயைக்கூட ஒழுங்காகக் கொப்பளிக்காமல் ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். வீட்டு ஆட்களின் இலக்கத்தைத் தேடிப் பார்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தேடினேன். அம்மாவின் இலக்கம்தான். அனுப்பப்பட்டது, திறக்கப்படவில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதவேண்டிய வேலை கிடக்க, அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். எப்படியாவது அந்தச் செய்தியை அழித்துவிடலாம் என்று அம்மாவிடம் போனைக் கேட்டேன்.

"தாங்கோம்மா, அப்டேற் பண்ணித் தாறன்."

"வேணாம் புள்ள, அது நல்லாத்தான் வேலை செய்யுது."

குளிக்கப் போகையிலும் போனைக் கொண்டுதான் போனார். இது புதுப் பழக்கம். சமையல் வீடியோ பார்க்கக் கொண்டுபோகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் முற்பகல் பதிவில் ஒரு திறப்பு விழுந்தது. விரித்துப் பார்த்தால் இயந்திரம், செய்திச் செயலியின் முன்னோட்டம். அப்பாடா என்றிருந்தது. யாராவது அந்த இணைப்பை யாருக்காவது அனுப்பினால்தான் இயந்திரம் அங்கே வரும். அதை எழுதியவள் நானே. ஆனால் அந்த நேரத்தில் நிம்மதி வேண்டியிருந்ததால் யார் அனுப்பினார், யாருக்கு அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து இன்னொரு திறப்பு, இந்தமுறை அம்மாவின் போனிலிருந்து. திறந்தது திறந்தபடியே கிடந்தது. நான் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் மூடவில்லை. கடைசியில் மூடியபோது பக்கத்தில் விழுந்த முடிவு: 'வாசிக்கப்படவில்லை'.

கை தவறிப் பட்டிருக்கும், போனை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அம்மாவின் போனில் திரை சீக்கிரம் இருண்டுபோகாதபடி அவர் கேட்டு நானேதான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அக்காவிடம் போய், "வாசிக்கல்ல, பயப்பிடாத" என்றேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "என்ர வேலையே அதுதானே" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மேசன் வந்தார். எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். இருந்த வீட்டை அக்காவுக்குக் கொடுத்தாயிற்று. அதே வளவில் பின்பக்கம் எனக்கென்று தொடங்கிய வீடு சுவர் எழும்பிய அளவில், பூச்சும் கதவும் இல்லாமல் ஆடுகள் படுக்கிற இடமாக நின்றுபோயிருந்தது. அவசரமில்லை என்று நானும் விட்டுவிட்டேன், அம்மாவும் விட்டிருந்தார். இப்போது திடீரென்று என் அறை யன்னலுக்கு நேரே சீமெந்து குழைக்கிறார்கள். கச்சான் காற்றும் அந்த நேரம் பார்த்து வீச, வாவிப் பக்கத்து மணலும் சீமெந்தும் சேர்ந்து என் விசைப்பலகையில் படிந்தது. கொழும்புக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் மேசன் சட்டியைத் தட்டுகிறார்.

எரிச்சலோடு வெளியே போனேன். "என்னம்மா இது? ஒப்பரேசன் முடிஞ்சு வந்து ஆறுதலாச் செய்யலாமே."

"மாரிக்கு முன்னம் பூச்சு முடியோணும்."

"எனக்கு இப்பக் கலியாணமா நடக்குது?"

"கலியாணத்துக்கு மட்டுமா வீடு? நீ இருக்கிறதுக்குத்தானே." அம்மா என்னைப் பார்க்காமல் மேசனிடம், யன்னல் நிலையை நாளைக்கே வைக்கலாமா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து மறுபடி பதிவைப் பார்த்தேன். 'வாசிக்கப்படவில்லை' என்றே இருந்தது.

காத்தான்குடியில் அம்மாவுக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பிள்ளைகளின் பெருநாள் சட்டையெல்லாம் ஒருகாலத்தில் அம்மா தைத்தவை. அவர் ஓட்டோ பிடித்து வந்தார், கையில் மஸ்கற் இனிப்புப் பெட்டி. அம்மாவோடு பூச்சுப் பார்த்து, நிலை பார்த்து, திரும்பப் போகையில் என் அறை வாசலில் நின்று என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

"கொழும்புல நல்ல டாக்டர்மார் இரிக்காங்க மகள். அல்லாஹ் லேசாக்குவான். ஆரம்பத்திலயே கண்டு பிடிச்சிட்டாங்க எண்டுதான் அதுல கிடக்கு."

"எதுல கிடக்கு?" என்றேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "ரிப்போட்லதான். ஒங்கட அம்மா எனக்கு அனுப்பின. இங்கிலீசு விளங்கல்ல எண்டா. அவ அவட போன்ல திறந்து வெச்சிரிந்தா, நான் கோல்ல ஒவ்வொரு வரியா என்னெண்டு சொன்ன."

ஓட்டோ போன சத்தம் கேட்டது. பிறகு நான் எப்படி வளவைக் கடந்தேன் என்று நினைவில்லை. பூசிய சுவரின் ஈரம் மணக்கிற அந்த வீட்டுக்குள், சீமெந்துப் பை ஒன்றின் மேல் அம்மா தனியாக இருந்தார். மேசன் சாப்பிடப் போயிருந்தார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"ஏன் எங்களிட்டச் சொல்லல்ல?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு வந்து சொன்னீங்க. சரி, பிள்ளைகளால தாங்க ஏலாமக் கிடக்கு எண்டு விட்டுட்டன்." முந்தானையால் சீமெந்துத் தூசைத் துடைத்தார். "அக்காக்கு ஒரு வீடு கிடக்கு. உனக்கு இது முடியல்ல. அந்த யோசினைதான் எனக்கு."

நான் அழுதுவிட்டேன். மார்பை மறந்து, இரண்டு கையாலும் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் வலியில் முகம் சுளித்ததைக் கண்டு கையை எடுத்தேன். வாசித்தீர்களா, எப்போது வாசித்தீர்கள் என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ சொல்லி முடிச்சி போன வெச்சிட்டா. நான் அதப் பாத்துக்கிட்டே கிடந்தன் புள்ள. விளங்கினாலும் விளங்காட்டியும் அதையேதான் பாத்தன். அழுது முடியுமட்டும் மூடல்ல."

மடியிலிருந்து போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். திரையில் வரிசையாக ஒரே செய்தி, ஒன்றின் கீழ் ஒன்றாக. 'உங்கள் ரிப்போட்டை நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை.'

"இது விடாம வந்துக்கிட்டே இரிக்கு. நீ கொம்பியூட்டர் தெரிஞ்ச புள்ளதானே," என்றார் அம்மா. "நான் வாசிச்சிட்டன் எண்டு அதுக்கு ஒருக்காச் சொல்லிவிடு."