ஓசிக்கு எழுதிக் கெட்டவன்

எங்கள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வேலை முடிந்ததும் கூலிக்குப் பதிலாகக் கைதட்டிப் பொன்னாடை போர்த்துவார்கள். எழுதி எழுதிப் பொன்னாடை சேர்த்திருக்கும் என் இனமே, உங்களிடம் எத்தனை இருக்கிறதோ தெரியாது. என்னுடையதை முடிச்சுப் போட்டு நீட்டினால் ராயபுரத்தில் ஒரு முனையும் எண்ணூரில் ஒரு முனையும் இருக்கும். நடுவில் திருவொற்றியூரில் என் வீட்டு ஜன்னலுக்கு இரண்டு திரையும் தைத்துக்கொள்ளலாம்.

பொங்கலன்று என் மனைவி கெடு வைத்தாள். "சித்திரைக்குள்ள ஒரே ஒரு ஆளு துட்டு குடுத்து உங்க எழுத்த வாங்கணும். இல்லன்னா நீங்க எழுதுற அந்த இரும்பு மேசை காயலான் கடைக்குப் போயிடும்." அவள் சொன்னால் செய்வாள். என் பழைய சைக்கிளும் அப்படித்தான் போனது. எனக்கோ பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். டீக்கும் பீடிக்கும் கேட்காமலே காசை எடுக்கிற கை, எழுத்துக்கு மட்டும் ஏன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது? அதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டேன்.

கயிறும் கதையும்

காசிமேட்டில் படகுக் கயிறு விற்கும் அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். கடைக்கு வெள்ளிவிழா மலர் போடுகிறார், என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். "எவ்வளவு தருவீங்க?" என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தைப் பார்த்தார். அச்சகத்துக்குக் காசு, போட்டோ எடுப்பவருக்குக் காசு, விழாவுக்குப் பிரியாணி போடுபவருக்கு முன்பணமே போய்விட்டது. எழுதுபவனுக்கு மட்டும் நெய் மணக்க ஒரு நன்றி.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று, "குடோன்ல கயிறு சும்மாதானே கிடக்கு, துணிக்கொடி கட்ட நாலு மீட்டர் கொடுங்க" என்றேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார்: "கயிறு வெட்டிக் குடுத்தா கொறையும்லா சார். கதை எழுதிக் குடுத்தா ஒங்க மண்டையில என்ன கொறைஞ்சா போவுது?"

 

நண்டு சாமியார்

எண்ணூர் கழிமுகத்தில் ஒரு நண்டு, அனல்மின் நிலையச் சாம்பலிலேயே புரண்டு புரண்டு, ஒருநாள் உடம்பெல்லாம் விபூதியோடு சாமியாராகிவிட்ட கதையை எழுதி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். மூன்றாம் நாள், கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற என் தோஸ்து பக்கிரி டீக்கடையில் அதே கதையை எனக்கே சொன்னான். அவன் மச்சான் அந்த நண்டை நேரில் பார்த்தானாம். கொடுக்கைத் தூக்கி ஆசீர்வாதம்கூடப் பண்ணியதாம். நான் எழுதாத ஆசீர்வாதம் அது, நன்றாகவே இருந்தது.

"டேய், அது நான் எழுதுன கதை. பேரை வெட்டிட்டு எவனோ அனுப்பியிருக்கான்" என்றேன். போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத் தோளில் தட்டினான். "வுடு மாமு. உன் பேரு இருந்தா மட்டும் எவன் படிக்கப் போறான்?"

பெயர் பரவும்

இணையத்தில் பத்திரிகை நடத்தும் ஒருவர் வாரம் ஒரு கதை கேட்டார். பணம் இல்லையாம். "ஆனா உங்க பேர் உலகம் பூரா பரவும் சார்" என்றார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது. நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போய், வழக்கமாக மீன் வாங்கும் அஞ்சலையிடம், "ஒரு கிலோ நெத்திலி போடும்மா. காசுக்குப் பதிலா உன் பேரை ராயபுரம் பூரா பரப்பறேன்" என்றேன்.

அஞ்சலை தராசைக் கீழே வைத்தாள். "என் பேரு பரவுனா கடன்காரன்தான் நைனா வூடு தேடிக்கினு வருவான். துட்ட எடு, மீன எடு!"

பீரோவில் கெளுத்தி

பங்குனி பாதி ஓடிவிட்டது. என் மனைவி மேசையின் காலை ஆட்டிப் பார்த்து எடை மதிப்பிட ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் சடையங்குப்பத்திலிருந்து குமாரி என்றொரு பெண் வந்தார். கன்டெய்னர் யார்டில் துப்புரவு வேலை. மழையில் வீடு முழுகியது. கணக்கெடுக்க வந்தவர்கள் இவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். தெருவுக்கே நிவாரணம் வந்தது, இவருக்கு இல்லை. மனு எழுத வேண்டும்.

இதற்குப் போய்க் காசா? மேசை போனால் போகட்டும் என்று, "சும்மாவே எழுதித் தரேம்மா" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஐம்பது ரூபாயை மேசைமேல் வைத்து, அதன்மேல் என் கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

'மேகங்கள் கதறியழுத அந்த நாளில்' என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டினேன். "மேகத்துக்கா வூடு முழுகுச்சி? எனக்குத்தானே? அட்ச்சிடு" என்றார். அடித்தேன். இரண்டாம் முறை கொஞ்சம் சுவை சேர்த்து, மிக்சிக்குள் கெளுத்தி மீன் குடியிருந்ததாக எழுதினேன். "இன்னா நைனா பொய் எழுதுற? கெளுத்தி வந்தது பீரோல. உள்ளத எழுது" என்றார். ஐம்பது வருஷமாகப் புளுகி வரும் என்னை, உண்மை இப்படித் தோற்கடித்ததில்லை. மூன்றாம் முறை, 'நான் வேலைக்குப் போனதால் வீடு பூட்டியிருந்தது, யாரும் குடியில்லாததால் அல்ல' என்று ஒரே வரியில் ஆரம்பித்தேன். தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து வந்தார். கணக்கெடுக்கும் ஆட்கள் மறுபடி வந்து சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்தார்களாம், பட்டியலில் பெயர் ஏறிவிட்டதாம். மேசை தப்பித்தது. மனம் கேட்காமல் ஐம்பதைத் திருப்பி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாணாம் நைனா. ஓசின்னா நீ எழுதுனத கும்புடு போட்டு வாங்கிக்கினு போயிருப்பேன். துட்டு குடுத்தாதானே நல்லா இல்லன்னு சொல்ல முடியும்?"

இத்தனை வருஷமாக என் எழுத்தை ஒருவர்கூடக் குறை சொல்லாததற்குக் காரணம் அதன் தரம் அல்ல என்பது, எழுபத்து மூன்று வயதில், ஐம்பது ரூபாய் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.