ஆயிரத்து இருநூறு ரூபாய்த் தரை

ஜவ்வாது மலையில் நான் தையல்காரனாகப் பிழைத்த காலத்தில், வீட்டுக்கு முன்னால் ஒரு கொட்டாய் இருந்தது. பதினெட்டடி நீளம், பத்தடி அகலம். நாலு பக்கமும் கம்பம், மேலே நாட்டு ஓடு, கீழே மண். தையல் மிஷின் அங்கேதான். சாப்பாடு அங்கே, மத்தியானத் தூக்கம் அங்கே. வீடு என்பது பாத்திரம் வைக்கிற இடமாகத்தான் இருந்தது. துணி தைக்கக் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் வந்து குந்திப் பேசுவார்கள். எனக்கு ஆறாவதோடு படிப்பு நின்றுபோனது. மிச்சத்தை அவர்கள் பேச்சில்தான் படித்தேன்.

அவர்களில் முதல் ஆள், மேட்டுக்கொல்லி என்கிற சரிவு நிலத்தில் சாமை போடுகிற ஒரு விவசாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் டைலரே என்பார். போளூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு ஒதுங்க இடம் காட்டியவர் அவர்தான். பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரு முறை வந்து, கம்பத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்காருவார். "மழ உன்னக் கேட்டுகினா வருது? அது பாட்டுக்கு வரும், நீ பாட்டுக்கு வெத" என்கிற மாதிரி ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். அன்று இரவு முழுக்க எனக்கு அது போதும்.

மண் தரையில் ஒரே ஒரு தொல்லை. மிஷின் ஆடும். ஒரு காலுக்குக் கீழே துணியை மடித்து வைத்தால், மறுநாள் இன்னொரு கால் பள்ளத்தில் இறங்கியிருக்கும். காலர் தையல் கோணிக்கொண்டு போகும். அதனால் தரை போடலாம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது மிஷினுக்காக, முடிந்தது என் ஆசைக்காக. போளூரில் நான் துணி எடுக்கும் கடையில் சிவப்புச் சிமெண்ட் தரை. குனிந்தால் முகம் தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து மனசு அங்கேயே வழுக்கிக்கொண்டிருந்தது.

சந்தவாசலிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். முழக்கயிறு போட்டு அளந்துவிட்டுக் கணக்குச் சொன்னார்.

"மொசைக்குன்னா மிஷின் வெச்சித் தேய்க்கணும், அதுக்குக் கரண்டு எங்க கீது இங்க? வுட்டுடு. கடப்பாக் கல்லுன்னா சதுர அடி மூணு ரூவா, நூத்தி எம்பது அடிக்கு ஐநூத்தி நாப்பது. லாரிக்காரன் இந்த வளைவுல ஏத்திக் கொண்டாற அதுல பாதி கேப்பான். வழியில ஒடஞ்சா ஒன் தலையெழுத்து. சிவப்புத் தரைன்னா சிமெண்டு எட்டு மூட்ட, அதுக்குத் தாலுகா ஆபீசுல பர்மிட்டு வாங்கணும். மணலு, ஜல்லி, கலரு, என் கூலி எல்லாம் சேத்து ஆயிரத்து எரநூறு ஆவும். ஆனா பத்து வருசத்துக்குப் பேச்சு இல்ல."

பேச்சே இல்லாமல் போகும் என்று அந்த மனுஷன் வாயில் எப்படித்தான் வந்ததோ.

என் மனைவி மண்ணே போதும் என்றாள். "சாணி போட்டு மெழுவ எனக்குக் கை இருக்குது. மிஷின் நிக்கிற எடத்துக்கு மட்டும் ஒரு கல்லப் போடுங்க" என்றாள். அண்ணனோ, "எங்க கொல்லியில பலக பலகயாக் கல்லு கெடக்குது டைலரே. நாலு ஆளு இட்டாந்து தூக்கிப் போட்டுடறேன். ஆளுக்கு ஒரு டீ குடு, தீந்துது" என்றார்.

"அது மேடும் பள்ளமுமா இருக்குமேண்ணா" என்றேன்.

"நம்ம காலு மட்டும் இன்னா மட்டம் பாத்தா செஞ்சி வெச்சிகீது?"

சிரித்தேன், கேட்கவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். கணக்கும் அறியாது. இரண்டு வருஷம் சீட்டுப் போட்ட பணத்தை எடுத்துச் சிவப்புத் தரையே போட்டேன். மேஸ்திரி கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெழுகு மாதிரி ஆக்கினார். காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தோம். மிஷின் ஆடாமல் நின்றது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

மூடவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் "ஆயிரத்து இருநூறு" என்றேன். சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு அம்மா, "ஆயிரத்து எரநூறா? ஒரு ஜோடி மாடு வாங்கியிருக்கலாமே டைலரே, பாலாவது கறந்திருக்கும்" என்றாள். "உழவு மாடு எங்க பாலு கறக்கும்?" என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதிலும் பெருமைதான். தவளை தன் வாயால் கெடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்திருந்தது. போளூர் துணிக்கடைக்காரர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிற வேலையைப் பேச, மலையேறி வந்திருந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். வெளியே நல்ல மழை. அந்த மழையில் அண்ணன் ஓடி வந்தார். தோளில் ஒரு சிறு மூட்டை, முழங்கால் வரைக்கும் செம்மண். புதுச் சாமை குத்தினால் முதல் படி எங்கள் வீட்டுக்குத்தான், வருஷா வருஷம்.

அவர் ஒரு காலைத் தரையில் வைத்தார். நான் மிஷினைவிட்டு எழுந்து, "நில்லுண்ணா, நில்லு! காலக் கழுவினு வா. தர போச்சுன்னா ஆயிரத்து எரநூறு!" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார். மூட்டையைத் தரை ஓரத்தில் நனையாத இடமாகப் பார்த்து இறக்கினார். "இருக்கட்டும் டைலரே, மாடு தனியாக் கெடக்குது" என்று மழைக்குள்ளேயே திரும்பிவிட்டார். தரையில் ஒரே ஒரு கால் தடம். அதைத் துடைத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு அவர் வராமல் இல்லை. வந்தார். வெளியே நின்றார். "மழ போதுமா? பிள்ள நல்லாகீதா?" என்று நின்றபடியே இரண்டு வார்த்தை, பிறகு "வர்றேன் டைலரே." உள்ளே வாண்ணா என்றால், "காலு சேறு" என்பார். கோடையில் கூப்பிட்டால், "காலு புழுதி" என்பார். நின்று பேசுவது விசாரிப்புத்தான், பேச்சு ஆகாது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஓரத்திலேயே நின்றார்கள்.

நான் அவர் வீட்டுக்குப் போவேன். சேற்றுக் காலோடு தயங்கினால், "வா உள்ள, மண்ணு மேல மண்ணு பட்டா இன்னா ஆவப்போவுது" என்று பாயை உதறிப் போடுவார். அங்கே பழையபடி பேசுவார், சிரிப்பார். அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேருமே தொடவில்லை. என் மனைவி சொல்லாத நாளில்லை: "ஊரு கத எல்லாம் பேசறீங்க. தப்பா சொல்லிட்டேண்ணான்னு நாலு வார்த்த வரலியா உங்களுக்கு?"

வரவில்லை. ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரைக்கும் கொண்டுபோய், வேறு கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று.

அவருக்குக் கண் மங்கியது. சந்தவாசலில் கட்டிக் கொடுத்த மகள், அங்கேயே வந்து இரு என்று ஆள் அனுப்பினாள். கொல்லியைத் தம்பியிடம் விட்டுவிட்டார். சந்தவாசலுக்குப் போளூர் போய்த்தான் போக வேண்டும்; போளூர் பஸ் எங்கள் வீட்டெதிரில்தான் நிற்கும். அன்று காலையில் தூறல். டிரங்குப் பெட்டியோடு புளியமரத்தடியில் நின்றிருந்தார். என் மனைவி ஓடிப்போய், "நனையறீங்களேண்ணா, உள்ள வந்து குந்துங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

வந்தார். உட்கார்ந்தார். தரையின் ஓரத்தில், முதுகுக்கு ஒன்றும் இல்லாமல், கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்தக் காலில் விழுந்துகொண்டிருந்தது. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து என் காலை வெளியே நீட்டினேன்.

"நீ இன்னாத்துக்கு நனையற? உள்ள போய் வேலயப் பாரு."

"அண்ணா" என்றேன்.

"இன்னா?"

"மவ வூட்டுல கண்ணுக்குப் பாக்கச் சொல்லுண்ணா" என்றேன். அதைச் சொல்லவா கூப்பிட்டேன்?

வளைவில் பஸ் சத்தம் கேட்டது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அவர் கம்பியைப் பிடித்தார், உடனே ஏறவில்லை. படி ஓரத்தில் ஒரு காலைத் தேய்த்தார். பிறகு மறு காலைத் தேய்த்தார். நான் அறிந்த நாளாக அவர் எந்தப் பஸ்ஸுக்கும் அப்படிச் செய்ததில்லை.

"ஏறு பெரியவரே! இன்னா கோயிலுக்குள்ளயா போற?" என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுக் கீழே நின்றேன்.