நான் பிடுங்கி எறிந்த நட்சத்திரம்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு மத்தியானம். தஞ்சாவூரில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை தயார். வீட்டில் எல்லோரும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

வயதாகி ஊதிப்போன இருபது ராட்சத நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. அதில் தெரியும் கறுப்புக் கோடுகள் மெல்லியதாக இருந்தால் நட்சத்திரம் மெதுவாகச் சுற்றுகிறது, அகலமாக இருந்தால் வேகமாக. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதையும் அந்தக் கோடுகளே சொல்லிவிடும். ஊதிய நட்சத்திரம் பெரும்பாலும் மெதுவாகத்தான் சுற்றும், லித்தியமும் அதில் ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். பத்தொன்பது ஒழுங்காக அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் அடங்காமல், கோடெல்லாம் அகலமாக இழுவிக்கொண்டு கிடந்தது.

நாங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விதைநெல் போடுகிறவர்கள். ரகம் மாறி ஒரு பயிர் தலை நீட்டினால், கலவன் என்று வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவோம். அதே கைப்பழக்கத்தில் அந்த நட்சத்திரத்தையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன்.

என் வழிகாட்டி மேடம் வரைபடத்தில் புள்ளிகளை எண்ணினார்.

“ஏம்மா, ஒண்ணு குறையுதே?”

“அது கலவன் மேடம். கருவிக் கோளாறு. எடுத்துட்டேன்.”

“அதையே மறு வருஷம் வேற கருவியில எடுத்தது இருக்கே, பார்த்தியா?”

நான் அதைத் திறக்கவே இல்லை. அசடு வழியத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஜன்னல் சாத்திய அறையில் லேப்டாப் வெளிச்சம் மட்டும். வேறு வருடம், வேறு கருவி, ஆனால் அதே இழுவல். மற்றவற்றில் கீறல்கூட இல்லாத லித்தியத்தின் இடத்தில், இதில் ஆழமாக ஒரு பள்ளம்; லித்தியம் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

மேடம் குரலைத் தணித்து, “ஊதுறப்ப, தன்னைச் சுத்திட்டிருந்த கிரகத்தை இது முழுங்கியிருக்கலாம்மா. இந்த வேகமும் லித்தியமும் அதோடதா இருக்கலாம்,” என்றார்.

“அதுல யாராச்சும் இருந்திருப்பாங்களா மேடம்?”

“தெரியாதும்மா. தெரிஞ்சுக்க வழியும் இல்ல.”

சாயங்காலம் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது, அறுவடைக்கு நின்ற வயல்களுக்கு மேல் சூரியன் சிவந்து பெருத்துத் தொங்கியது. அதுவும் ஒருநாள் ஊதப்போகிறதுதானே! பார்க்கப் பயந்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, “காத்து வரட்டுமேம்மா,” என்று முனகினார்.

நட்சத்திரத்தைத் திரும்பச் சேர்த்து, எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டேன். எட்டு மாதம் ஆனது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. “எங்கேயோ கிடக்குற ஒண்ணுக்காகவா இதை விட்டே?” என்று அம்மா அழுதார். நானும் அழுதேன்.

ஆனால், ஓர் உலகம் இருந்தது என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்த நட்சத்திரமாக இருந்திருக்கலாம், அதையும் நான் இல்லாமல் ஆக்கப் பார்த்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.